தெருவுக்கு ஒரு படகு! வாங்கும் முன் இழுத்துப் போக முடியுமா என்று பாருங்க

சென்னை,

ஐப்பசி பிறந்தால் நகரத்தில் மேட்டில் குடியிருப்பவர்கள் குடை ரிப்பேர் பார்க்கிறார்கள். பள்ளத்தில் குடியிருப்பவர்கள் படகு வாங்கலாமா என்று பேசுகிறார்கள்!

இது கேலி அல்ல. பட்ட அனுபவம் அப்படி.

2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையை நகரம் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது. அடையாறு கரையை விட்டு ஏறியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் என்று வரிசையாக வீடுகள் மூழ்கின. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து மொட்டை மாடிகளில் நின்றவர்களை இறக்கிக் கொண்டு போனார்கள்.

8 வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் மறுபடி தண்ணீரில். காரப்பாக்கத்தில் சிக்கிக் கொண்ட இந்தி நடிகர் அமீர்கான், தமிழ் நடிகர் விஷ்ணு விஷால் ஆகியோரைத் தீயணைப்புத் துறையினர் படகில்தான் மீட்டார்கள். கார் எத்தனை இருந்தும் அன்றைக்குப் பிரயோஜனம் இல்லை.

அதற்குப் பிறகு, 2024-ல் மாநகராட்சியே சொந்தமாகப் படகுகள் வாங்கியது. தென்சென்னைப் பக்கம் குடியிருப்போரும் தங்கள் பணத்தில் படகு வாங்கத் தொடங்கினார்கள். இப்போது மழைக்கு முன்னால் நடக்கும் சங்கக் கூட்டங்களில் "நாமும் ஒண்ணு வாங்கிப் போடலாமே சார்" என்ற பேச்சு எழாத பள்ளத் தெரு குறைவு.

வாங்கலாம். தப்பே இல்லை. ஆனால் எந்தப் படகு?

கடைக்காரர் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்வார். என்ன கலர் வேணும் என்று கேட்பார். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்கணும். அது இதுதான்:

படகை வைத்திருக்கும் இடத்திலிருந்து தண்ணீர் நிற்கும் இடம் வரை அதை யார், எதில், எப்படி இழுத்துப் போவது?

இதற்குப் பதில் இல்லாமல் வாங்கிய படகு, மழை நாளில் பூட்டிய ஷெட்டுக்குள் கிடக்கும். பக்கத்துத் தெருவில் ஆள் தவிப்பார்!

கேரளா சொன்ன பாடம்

2018 ஆகஸ்டில் கேரளாவில் பெரிய வெள்ளம். கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டு செங்கன்னூர் போன்ற உள்ளூர்ப் பகுதிகளுக்கு விரைந்தார்கள். 669 படகுகள், 4,537 மீனவர்கள், 65 ஆயிரம் பேருக்கு மேல் மீட்பு என்று அப்போது அரசுத் தரப்பில் கணக்குச் சொல்லப்பட்டது. ஒரு படகுக்கு நாளொன்றுக்கு 3 ஆயிரம் ரூபாயும், டீசல் செலவும், சேதமான படகுக்கு ரிப்பேர் செலவும் தருவதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

ஒன்று, படகு தானாக வரவில்லை. லாரி வந்ததால் வந்தது. லாரி கிடைக்காத இடத்தில் படகு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இரண்டு, கடலுக்குச் செய்த படகு தெருவுக்குள் நுழைந்தபோது அடி வாங்கியது. தண்ணீருக்கடியில் காம்பவுண்டு சுவர் இருக்கும், இரும்புக் கேட்டு இருக்கும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்!

மீனவர் படகு வேண்டாம்

"குப்பத்தில் பழைய ஃபைபர் படகு மலிவாகக் கிடைக்கும், வாங்கிடலாம்" என்று சங்கத்தில் ஒருத்தராவது சொல்வார்.

மீனவர் ஓட்டும் ஃபைபர் படகு ஏறக்குறைய 30 அடி நீளம். கரையில் அதை மணலில் ஏற்ற டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். மெரீனா ஓரம் போனால் யாரும் பார்க்கலாம். அலையை ஏறித் தாண்டுவதற்காக மூக்கு உயர்ந்து, வயிறு ஆழ்ந்து இருக்கும். கடலில் அது சரி. முழங்கால் தண்ணீரில் தரை தட்டி நிற்கும். தெரு முனையில் திரும்பாது.

அதை ஓட்டத் தெரிந்தவர்கள் மீனவர்கள். அவர்கள் படகோடு வந்தால் கும்பிட்டு வரவேற்கலாம். அந்தப் படகை மட்டும் வாங்கி நாம் வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

பரிசல் எப்படி?

ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும். பரிசல்காரர் வேலை முடிந்ததும் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக் கொண்டு நடந்து போய்விடுவார். தூக்கிப் போகும் வசதியில் பரிசலை மிஞ்சிய படகு கிடையாது. வண்டியும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். மூங்கில் பின்னல், மேலே தோல் அல்லது தார் பூசிய சீட்டு, அவ்வளவுதான். இப்போது ஃபைபரிலும் செய்கிறார்கள்.

ஆனால் வட்டமான படகுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பு போடத் தெரியாதவர் கையில் ராட்டினம் மாதிரிச் சுற்றும். பழகிய கை ஒன்று தெருவில் இருந்தால் பரிசல் நல்ல சாமான். இல்லாவிட்டால் முதல் படகாக அதை வாங்க வேண்டாம்.

ரப்பர் படகு

காற்றடைக்கும் ரப்பர் படகை மடித்தால் மூட்டை. ஆட்டோவில் போட்டுக் கொண்டு போகலாம். இரண்டாவது மாடியில் வைக்கலாம். இழுத்துப் போகும் தொல்லையே இல்லை. பேரிடர் மீட்புப் படையினர் பல இடங்களில் கொண்டு வருவதும் இதைத்தான்.

அப்படியானால் இதையே வாங்கலாமே? இரண்டு எச்சரிக்கை இருக்கு.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடும் மெல்லிய பிளாஸ்டிக் படகும் "ரப்பர் படகு" என்றுதான் விற்கிறது. ஏமாறக் கூடாது. தடித்த துணி, தனித்தனியாகக் குறைந்தது மூன்று காற்றறை இருக்கணும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும்.

அடுத்தது, நம்ம ஊர்ச் சுவர். காம்பவுண்டு மேலே கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறோம். முள்கம்பி சுற்றியிருக்கிறோம். திருடனுக்கு வைத்தது மீட்பவனைக் கிழிக்கும்! இந்தப் படகை எடுப்பவர்கள் பஞ்சர் சாமானும் பம்ப்பும் சேர்த்து வாங்கணும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது விரித்துக் காற்றடித்துப் பார்க்கணும். வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் பொடியும்.

தெருவுக்கு ஏற்றது எது?

வைக்க இடம் இருந்தால், முதல் படகாக வாங்கச் சரியானது 10 முதல் 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஃபைபர் படகு. அடிப்பாகம் தட்டையாக இருக்கணும். தட்டை அடி இருந்தால் முழங்கால் தண்ணீரிலும் போகும்.

இந்த அளவில் எடை, செய்யும் முறையைப் பொறுத்து 80-லிருந்து 120 கிலோ வரை வரும். நூறு கிலோ என்று வைத்துக் கொள்வோம். நாலு பேர் பிடித்தால் ஆளுக்கு 25 கிலோ. ஒரு அரிசி சிப்பம்!

"நம்ம தெருவிலே இருபது வாலிபப் பசங்க இருக்காங்க, பெரிசாவே வாங்கலாம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருபது பேர் இருப்பது நிஜம். வெள்ளம் ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வரும்? வேலை நாளில் வந்தால் பாதிப் பேர் ஆபீசில், மீதிப் பேர் பஸ்சில், ரெயிலில் மாட்டியிருப்பார்கள். வீட்டில் இருப்பது பென்ஷன்காரர், இல்லத்தரசி, கடைக்காரர், காலேஜ் பையன். அவர்கள் நாலு பேர் தூக்க முடிகிற எடைதான் உங்கள் தெருவின் எடை. வாங்கும் முன் இதைக் கணக்கில் எடுங்க.

வாங்கும் இடத்திலேயே சோதனை

படகின் இருக்கைக்குள்ளும் ஓரங்களிலும் நுரை அடைத்திருக்கிறதா என்று கேட்கணும். படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காமல் மிதக்கணும். விற்பவர் இதைக் குளத்திலோ தொட்டியிலோ செய்து காட்டணும். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இழுப்பதற்கான வளையம் மூக்கின் உச்சியில் இருக்கக் கூடாது. கீழே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கணும். அப்படி இருந்தால் இழுக்க இழுக்க மூக்கு நிமிரும். உச்சியில் கட்டி இழுத்தால் மூக்கு குனியும். பின்பக்கம் இரண்டு வளையம் வேணும்.

ஏறும் பக்கம் தாழ்வாக இருக்கணும். 2018 கேரள வெள்ளத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிய படம் நாடு முழுவதும் பார்த்தது. மெய்சிலிர்க்கும் காட்சிதான். ஆனால் படகில் ஏற ஒரு படி வேண்டும் என்பதையும் அந்தப் படம் சொல்கிறது. முழங்கால் வலிக்காரப் பாட்டி ஏறணும். கர்ப்பிணி ஏறணும். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஸ்டூலைப் படகோடு கட்டி வையுங்க.

படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் அதற்கு மூடியும் இருக்கும். இறக்கும் முன் மூடி போட்டாச்சா என்று பார்க்க ஒரு ஆள். சின்ன விஷயம். மறந்தால் படகே தொட்டி!

குட்டி யானையில் ஏறுமா?

வீட்டு வாசலில் தண்ணீர் நின்றால் பிரச்சினை இல்லை. அப்படியே இறக்கி விடலாம். ஆனால் படகு இருக்க வேண்டியது மேட்டில். தண்ணீர் இருப்பது பள்ளத்தில். நடுவில் அரை கிலோமீட்டர் ரோடு. இங்கேதான் வண்டி வேணும்.

குட்டி யானை வண்டியின் தட்டு 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். 4 அடி அகலப் படகு உள்ளே உட்காரும். 12 அடி நீளத்தில் 5 அடி பின்னால் துருத்தும். 10 அடிப் படகு என்றால் 3 அடிதான். வாங்கும்போது இந்த இரண்டு அடி வித்தியாசத்தை யோசிக்கணும். இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, பின்னால் சிவப்புத் துணியும் இருட்டினால் விளக்கும் வைத்து, மெதுவாகப் போகணும். அது அவசரத்துக்குத்தான். தினப்படி ஓட்டத்துக்கு இல்லை. வண்டிக்காரர் யார், அவர் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்கணும். அவர் வண்டியே முதலில் மூழ்கினால் என்ன செய்வது?

மிதித்து ஓட்டும் மீன்பாடி வண்டியும் உதவும். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு பேர் தள்ளினால் போதும். பெட்ரோல் பங்க் மூடியிருந்தாலும் இது நிற்காது.

டிரெய்லர் பூட்டலாமா?

வெளிநாட்டுப் படங்களில் காருக்குப் பின்னால் டிரெய்லர், அதன் மேல் படகு என்று ஜோராகப் போவார்கள். அதைப் பார்த்து இங்கேயும் சிலருக்கு ஆசை.

நம்ம சட்டத்தில் டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வண்டிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. இழுக்கும் வண்டியின் எண்ணையும் அந்த டிரெய்லரில் எழுதணும். பட்டறையில் நாலு இரும்பு ஒட்டி, காரின் பம்பரில் கொக்கி மாட்டி இழுத்தால் போலீஸ் பிடிக்கும். பம்பரும் பிய்யும். கனம் பின்பக்கம் அதிகமானால் டிரெய்லர் வால் ஆட்டும். வேகத்தில் காரையே திருப்பிப் போட்டுவிடும்.

ஒரு தெருவின் தேவைக்குக் கையால் இழுக்கும் இரண்டு சக்கர வண்டியே போதும். இதைப் பட்டறையில் செய்து கொள்ளலாம். அளவில் மூன்று சங்கதி.

சக்கரம் பெரிசாக இருக்கணும். பழைய பைக் சக்கரம் நல்லது. பெட்டிகளுக்குப் போடும் சின்ன உருளைச் சக்கரம் வேகத்தடையில் முட்டும், வடிகால் மூடியின் இடுக்கில் சிக்கும்.

அச்சு, படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வரணும். 100 கிலோ படகில் 10 கிலோ அளவு முன்னால் கையில் இறங்கினால் வண்டி ஆடாது. நேர் நடுவில் வைத்தால் மேடு பள்ளத்தில் தராசு மாதிரி ஆடும்.

வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளிப் படகை மிதக்க விட்ட பிறகு, வண்டியை மேட்டுக்குக் கொண்டு வந்து பூட்டணும். பேரிங்கில் சேறு போகும். வீட்டுக்கு வந்ததும் கழுவிக் கிரீஸ் போடணும்.

திரும்புமா தெருவில்?

12 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள சாமான் ஒரு முனையில் திரும்ப இரண்டு பக்கமும் 7 அடிக்குக் குறையாத இடம் வேணும். பத்தடிச் சந்து என்று பத்திரத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் பைக் நிறுத்தினால் மிச்சம் ஐந்தடி!

படகு வாங்கும் முன் நாலு மூங்கில் கழியை எடுத்து 12 அடிக்கு 4 அடி சட்டமாகக் கட்டுங்க. இரண்டு பேர் பிடித்துக் கொண்டு, வைக்கப் போகும் இடத்திலிருந்து தண்ணீர் நிற்கும் இடம் வரை நடந்து பாருங்க. எந்த முனையில் இடிக்கிறது, எந்த மின்பெட்டி தடுக்கிறது, யார் வீட்டுப் படி ரோட்டில் நீட்டிக் கொண்டிருக்கிறது, எல்லாம் அரை மணியில் தெரியும். படகைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மூங்கிலை அவிழ்த்து விடலாம்.

தண்ணீரில் இழுப்பது எப்படி?

தெரு வெள்ளத்தில் படகை யாரும் ஓட்டுவது இல்லை. நடந்து கொண்டே இழுக்கிறார்கள். மிதக்கும்போது ஐந்து பேரோடு இருந்தாலும் நின்ற தண்ணீரில் ஒருத்தர் இழுத்துவிடலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கு.

முன்னால் போகிறவர் கையில் மூங்கில் கழி. ஒவ்வொரு அடியும் குத்திப் பார்த்த பிறகுதான் கால். மூடி போன பாதாளச் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஒருவர் படகைப் பிடிக்கணும். பின்னால் ஒருவர் கயிற்றோடு. அவர்தான் பிரேக்!

கயிறு 30 அடி இருக்கட்டும். நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும், காலில் சுற்றும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். அதையே கேட்டு வாங்குங்க. கயிற்றை யாரும் இடுப்பில் கட்டிக் கொள்ளக் கூடாது. படகு இழுபட்டால் ஆளையும் சேர்த்து இழுக்கும். கையில் பிடி, ஆபத்து என்றால் விடு.

தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் இழுப்பவர் நடக்கக் கூடாது. ஏறி உட்கார்ந்து கழியூன்றியோ துடுப்புப் போட்டோ போகணும். காலில் புண் உள்ளவர்கள் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று மின்வாரியத்தில் உறுதி செய்யாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இரும்புக் கம்பியைக் கழியாகப் பயன்படுத்தவே கூடாது.

மிக முக்கியம்: தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்க. ஓட்டம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் பலம் நாலு மடங்காகும். அடையாறு கரை ஏறி ஓடும் தெருவில் உங்கள் 12 அடிப் படகு இறங்கக் கூடாது. அது தீயணைப்புத் துறையும், அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் செய்ய வேண்டிய வேலை. தெருப் படகின் வேலை நின்ற தண்ணீரில் டயாலிசிஸ் நோயாளியைக் கொண்டு போவது, கர்ப்பிணியை மெயின் ரோட்டில் 108 வண்டிக்குச் சேர்ப்பது, பால், மாத்திரை, குடிதண்ணீர் கொண்டு வருவது. இந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான் 2015-லும் 2023-லும் ஜனங்கள் தவித்தார்கள்.

எத்தனை பேர் ஏறலாம்?

ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. 12 அடிப் படகின் அடிப்பாகம், மூக்கு குறுகல் போக, 36 சதுர அடி என்று வைத்தால், ஒரு அங்குலம் அமிழ 85 கிலோ ஏறணும். 60 கிலோ ஆள் ஆறு பேர் ஏறினால் 4 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இறங்கும். "அப்போ பத்துப் பேர் ஏறலாமே?" என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. படகு பாரத்தால் மூழ்குவதைவிட, சாய்ந்து கவிழ்வதே அதிகம். ஒருத்தர் எழுந்து நிற்பார். "அதோ நம்ம வீடு" என்று எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். முடிந்தது.

2011 டிசம்பர் 25-ந் தேதி பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ந் தேதி கேரளாவில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இரண்டிலும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

தெருப் படகில் ஒரு நடைக்கு நாலு பேர் போதும். எல்லோரும் தரையில் உட்காரணும். நிற்கக் கூடாது. லைப் ஜாக்கெட் இல்லாதவர் ஏறக் கூடாது. படகு வாங்கும் பணத்தில் ஜாக்கெட்டுக்கு முதலில் ஒதுக்குங்க. குழந்தைகளுக்குத் தனி அளவு உண்டு. அதிலும் இரண்டு வேணும்.

மோட்டார் வேண்டாம்

மோட்டார் இருந்தால் கெத்துதான். ஆனால் தெருத் தண்ணீரில் மிதப்பது புடவை, பிளாஸ்டிக் பை, கயிறு. விசிறியில் சுற்றினால் நின்றுவிடும். தண்ணீரில் நடந்து வருபவர் காலில் பட்டால் கால் போகும். அது மட்டும் இல்லை. இயந்திரம் பொருத்திய கலங்களுக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழ் பதிவு, தகுதிச் சான்று என்று நடைமுறை இருக்கு. முதல் படகுக்கு இரண்டு துடுப்பும் ஒரு கழியும் போதும். யாரிடமும் கட்டணம் வாங்காதீங்க. பணம் வாங்கினால் சண்டையும் வரும், கேள்வியும் வரும்.

கொசுவுக்குத் தொட்டி ஆகக் கூடாது

படகை மொட்டை மாடியில் வைத்தால் இறக்க முடியாது. கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் வைத்தால் முதலில் மூழ்குவது அதுதான். தெருவின் மேட்டு முனையில், கூரைக்குக் கீழே, இரண்டு கட்டை மேல் கவிழ்த்து வைக்கணும். சங்கிலி போட்டுப் பூட்டணும். சாவி இரண்டு வீட்டில், இரண்டும் மாடி வீடாக இருக்கட்டும். துடுப்பு, ஜாக்கெட், கயிறு வேறு ஒரு வீட்டில் இருந்தால் அந்த விலாசத்தைப் படகு மேலேயே பெயிண்டில் எழுதுங்க.

நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும். ஒரு வாரத்தில் டெங்கு கொசு பறக்கும். மாநகராட்சி சுகாதார ஊழியர் வந்து அபராதம் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது!

ஒத்திகை பாருங்க

புரட்டாசியில் ஒரு வேலை நாள், பகல் 11 மணிக்கு, சொல்லாமல் ஒத்திகை வைக்கணும். அன்றைக்குத் தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்களே பூட்டைத் திறந்து, வண்டியில் ஏற்றி, பள்ளம் வரை இழுத்துப் போகணும். கடிகாரத்தைப் பாருங்க. அரை மணிக்குள் முடிந்தால் நீங்கள் வாங்கியது சரியான படகு. முடியாவிட்டால் எங்கே தடங்கல் என்று பார்த்து மழைக்கு முன்னால் சரி செய்யுங்க. மழைக்கு முன் தீயணைப்புத் துறையினர் பல இடங்களில் செய்முறை விளக்கம் காட்டுகிறார்கள். உங்கள் பகுதி நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கூடவே ஒரு பட்டியல் தயார் பண்ணுங்க. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தை, யாருக்கு எந்தத் தேதியில் டயாலிசிஸ். படகு முதலில் போக வேண்டிய வாசல் எது என்று மழைக்கு முன்பே தெரிந்திருக்கணும்.

அவசரத்துக்கு: காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. தீயணைப்புக்கு நேரடியாக 101. ஆம்புலன்ஸ் 108. மாநகராட்சி 1913. மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070. இந்த எண்களையும் படகின் உள்பக்கம் எழுதி வையுங்க.